நெருங்கியவர் மனம் தளர்ந்திருக்கிறாரா? விசாரிப்பதில் தொடங்கி மருத்துவரிடம் கூட்டிப்போவது வரை

வாழவே பிடிக்கவில்லை என்ற நிலைக்குப் போய், மெல்ல மெல்ல மீண்டு வந்த ஒரு நண்பருடன் சில மாதங்கள் கூடவே இருந்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு வேண்டியிருந்த தகவல் எதுவும் ஓரிடத்தில் இல்லை. எந்த நேரத்தில் பேசுவது, என்ன வார்த்தையில் கேட்பது, அவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் என்ன செய்வது, மருத்துவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்... ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதே அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. விசாரிக்கப்பட வேண்டியவர் நீங்களே என்றால், மற்றதைப் படிக்க வேண்டாம். நேராக 5-ஆவது பகுதிக்குப் போய், அங்கே இருக்கும் எண்ணை இப்போதே அழையுங்கள்.

1. யாரை விசாரிப்பது?

அழுகிறவரை எல்லோரும் விசாரிப்பார்கள். அமைதியாகிவிட்டவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது சோகத்தைவிட மாற்றத்தை. வழக்கமாக வளவளவென்று செய்தி அனுப்புகிறவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவார். என் நண்பர் விஷயத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த ‘ம்’தான். அப்புறம் பார்த்தால், செய்தி வந்த நேரம் எல்லாம் அதிகாலை மூன்று, நான்கு மணி.

தூக்கம் குலைவது, சாப்பாடு குறைவது, குடி கூடுவது, வேலைக்கோ வகுப்புக்கோ போகாமல் இருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ‘நான் எல்லோருக்கும் பாரம்’, ‘இனிமே எதுவும் மாறாது’, ‘நான் இல்லேன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க’ என்ற வகைப் பேச்சு அதைவிடத் தீவிரம். ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுப்பது, கடன் கணக்கை அவசரமாக முடிப்பது, காரணமில்லாமல் விடைபெறுவது போல் பேசுவது, இவற்றைப் பார்த்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு பொறி: பல வாரமாக உடைந்து கிடந்தவர் ஒருநாள் சட்டென்று தெளிவாக, லேசாகத் தெரிவார். ‘அப்பாடா, சரியாகிவிட்டார்’ என்று நாம் விலகிவிடுவோம். சில சமயம் அந்த அமைதி, முடிவெடுத்துவிட்டதால் வந்ததாக இருக்கும். அன்றைக்கும் போய்ப் பாருங்கள்.

பிரிவு, துக்கம், வேலை இழப்பு, தேர்வுத் தோல்வி, கடன் நெருக்கடி, தீராத வலி, அவமானம் என்று ஏதேனும் ஒன்றைச் சமீபத்தில் சந்தித்தவர்களையும், முன்பு ஒருமுறை உயிரை விட முயன்றவர்களையும் அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் விசாரியுங்கள். முன்பு முயன்றிருப்பதுதான் மிக முக்கியமான ஆபத்துக் காரணி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

2. நேரமும் இடமும்

உங்களுக்கு அடுத்த ஒரு மணி நேரம் வேறு வேலை இல்லாதபோது மட்டும் ஆரம்பியுங்கள். இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் கேட்டு, அவர் வாய் திறக்கும் நேரத்தில் ‘சரி, அப்புறம் பேசலாம்’ என்று எழுந்து போனால், மறுபடி அந்த வாய் திறப்பது கஷ்டம்.

நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது பலருக்குச் சுலபம். மற்றவர் காதில் விழாத இடமாக இருக்கட்டும். போன் என்றால் ஸ்பீக்கரில் போடாதீர்கள். எடுத்ததும் ‘இப்ப தனியா இருக்கீங்களா, பேசலாமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடித்திருக்கும்போது நீண்ட பேச்சு வேண்டாம். ஆனால் ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.

3. பேச்சைத் தொடங்குவது

‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால் நீங்கள் பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். ‘ரெண்டு வாரமா நீ சரியா தூங்கற மாதிரி தெரியல. கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. என்னடா ஆச்சு?’ இப்படிக் குறிப்பாகக் கேட்டால், இவன் நம்மைக் கவனித்திருக்கிறான் என்பது அவருக்குப் புரியும்.

முதல் பதில் பெரும்பாலும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள், குடையவும் செய்யாதீர்கள். ‘சரி. இப்ப சொல்லணும்னு இல்ல. நான் இங்கதான் இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு அப்படியே இருங்கள். மௌனம் ஒரு நிமிடம் நீண்டாலும் அதை நிரப்பப் பார்க்காதீர்கள். என் அனுபவத்தில் முக்கியமான வாக்கியங்கள் எல்லாம் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வந்தன.

சொல்லக் கூடாதவை: ‘உனக்கு என்ன குறைச்சல்?’, ‘உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க’, ‘மனசைத் தளரவிடாதே’, ‘அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?’ கடைசி வாக்கியம் அன்பில் சொல்வதுதான். ஆனால் ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கிறவருக்கு அது இன்னொரு குற்ற உணர்வு. தீர்வு சொல்வதையும் தள்ளிப்போடுங்கள். கடனை எப்படி அடைப்பது என்பது அடுத்த வாரப் பேச்சு.

4. நேரடியாகக் கேட்பது

பலரும் தயங்கி நிற்கும் இடம் இதுதான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் கூடியதாக எதிலும் தெரியவில்லை. குறையக்கூடும் என்றுதான் தெரிந்தது. உள்ளுக்குள் தனியாகச் சுமந்ததை ஒருவர் பேர் சொல்லிக் கேட்கும்போது பலருக்கு மூச்சு விட்டாற்போல் இருக்கிறது.

கேட்கும் விதம் முக்கியம். ‘தப்பா எதுவும் யோசிக்கலைல்ல?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘சேச்சே, இல்ல’ என்பதைத் தவிர வேறு பதிலே சொல்ல முடியாது. உங்கள் வாயால் முழுசாகச் சொல்லுங்கள். நண்பரிடம், ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ வயதில் பெரியவரிடம், ‘உயிரை விட்டுடலாம்ங்கற நினைப்பு வருதுங்களா?’ குரலில் அதிர்ச்சியோ கண்டிப்போ வேண்டாம். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல் போதும்.

‘ஆமாம்’ என்று வந்தால் வரிசையாகக் கேளுங்கள்: எப்போதிலிருந்து? எவ்வளவு அடிக்கடி வருகிறது? எப்படி என்று யோசித்ததுண்டா? அதற்கான பொருள் கைவசம் இருக்கிறதா? எப்போது என்று நாள் நினைத்திருக்கிறீர்களா? முன்பு முயன்றதுண்டா? இது குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடக் கூடாது. நடுநடுவே ‘சொன்னதுக்கு நன்றி’, ‘கேட்டுக்கிட்டே இருக்கேன், சொல்லு’ என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ என்பார். அந்தச் சத்தியம் செய்யாதீர்கள். ‘உன் உயிருக்கு ஆபத்துன்னா ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். ஆனா யார்கிட்ட, என்ன சொல்றதுன்னு உன்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன்’ என்று சொல்லுங்கள். என் நண்பர் அப்போது கோபப்பட்டார். ஆனாலும் போனை வைக்கவில்லை.

5. ‘ஆமாம்’ என்றால் அடுத்த ஒரு மணி நேரம்

எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறார், பொருளும் கைவசம் இருக்கிறது என்றால் அது அவசர நிலை. மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் செய்யுங்கள்.

முதலில், அவரைத் தனியே விடாதீர்கள். நீங்கள் தூரத்தில் இருந்தால் போனை வைக்காமல், வேறு போனில் இன்னொருவரை அங்கே அனுப்புங்கள்.

இரண்டாவது, அவர் நினைத்திருந்த பொருளைக் கையெட்டாத தூரத்துக்குக் கொண்டுபோங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகள், நஞ்சு, ஆயுதம், எதுவானாலும் வீட்டை விட்டே வெளியே போகட்டும். பீரோவில் வைத்துப் பூட்டுவது போதாது. அவர் சம்மதத்தோடு செய்தால் இன்னும் நல்லது. ‘நினைக்கிறவன் வேற வழி தேடிக்க மாட்டானா?’ என்று சிலர் கேட்பார்கள். உயிரை விடும் வேகம் பெரும்பாலும் அலை மாதிரி எழுந்து தணிவது. உச்சத்தில் நிற்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் பொருள் கையில் அகப்படாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை தடைசெய்த பிறகு அங்கே தற்கொலை மரணங்கள் பெரிதும் குறைந்தது இதற்கு நல்ல சான்று.

மூன்றாவது, உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416 (கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்). இலங்கையில் 1926. சிங்கப்பூரில் 1767. மலேசியாவில் பெஃப்ரெண்டர்ஸ் 03-76272929. பிரிட்டனில் 116 123. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. ஆஸ்திரேலியாவில் 13 11 14. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. ‘என் நண்பர் இப்படிச் சொல்கிறார், நான் என்ன செய்யட்டும்?’ என்று நீங்களே கேட்கலாம்.

ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் உதவி எண்ணெல்லாம் அப்புறம். உடனே ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார் என்று காலையாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல நஞ்சுகளும் மாத்திரைகளும் உள்ளே செய்யும் சேதம் வெளியே தெரியப் பல மணி நேரமாகும். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன உட்கொண்டார் என்பது தெரியும்படி அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள்.

‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்ற பயத்தில் மறைப்பதுதான் பெரிய ஆபத்து. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் பொறுப்பையும் அரசிடம் ஒப்படைக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை இலங்கை 1998-இலும், சிங்கப்பூர் 2020-இலும், மலேசியா 2023-இலும் நீக்கிவிட்டன. மருத்துவமனை தன் நடைமுறைப்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாலும் பதறாதீர்கள். நடந்ததை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

6. ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம்

உடனடி ஆபத்து தணிந்ததும், அன்றைக்கோ மறுநாளோ, அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் வடிவமைத்த முறை இது. வரிசையாக ஆறு விஷயங்கள்: அலை எழப்போகிறது என்பதற்கான அறிகுறி என்ன, அப்போது தானாகவே செய்யக்கூடியது என்ன, மனதை வேறு பக்கம் திருப்ப யாரோடு, எங்கே இருக்கலாம், வெளிப்படையாகச் சொல்லி யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைக்கலாம், வீட்டில் ஆபத்தான பொருள் இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது.

அவர் வார்த்தையில், அவர் கையெழுத்தில் இருக்கட்டும். ‘மனசு சரியில்லாதபோது’ என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. என் நண்பர் எழுதிய முதல் வரி: ‘குளிக்கப் பிடிக்காமல் போவது, போனைக் கவிழ்த்து வைப்பது.’ அது இரண்டையும் வெளியிலிருந்து என்னாலும் பார்க்க முடிந்தது. தாளைப் படம் எடுத்து அவர் போனிலும், அவர் ஒப்புக்கொண்டால் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களுக்கு எதிரே எண்கள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராலும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தை எழுதிக்கொடுத்து, தொடர்ந்து போனிலும் விசாரித்துவந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எழுதிக்கொடுத்ததோடு நிறுத்தாமல் விசாரித்தும் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

7. மருத்துவரிடம்: ஆவணம், செலவு, காத்திருப்பு

மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். உளவியல் ஆலோசகர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். உயிராபத்து எண்ணம் இருப்பவருக்கு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரம் கிடைக்கப் பல நாளாகும் என்றால், வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் அன்றே போகலாம். அவரால் தொடங்கி வைக்கவும் முடியும், அவசரம் என்று எழுதி அனுப்பவும் முடியும். முன்பதிவு செய்யும்போது தற்கொலை எண்ணம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு ‘கொஞ்சம் டென்ஷன்’ என்று சொன்னால் வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள். யாராவது வராவிட்டால் கூப்பிடச் சொல்லியும் பெயர் கொடுத்து வையுங்கள்.

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: அடையாள அட்டை, காப்பீடு இருந்தால் அதன் அட்டை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு (சர்க்கரை, ரத்த அழுத்தம் உட்பட), பழைய மருத்துவச் சீட்டுகள், ஒவ்வாமை விவரம், பாதுகாப்புத் திட்டத் தாள். தைராய்டுப் பரிசோதனை எடுத்திருந்தால் அதையும் வையுங்கள். தைராய்டு கோளாறும் மனத்தளர்ச்சி மாதிரியே தோன்றலாம். எல்லாவற்றையும்விட உதவியது ஒரு பக்கக் காலக்குறிப்பு. தூக்கம் எப்போது கெட்டது, வேலையை எப்போது நிறுத்தினார், எண்ணம் எப்போது தொடங்கியது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று பத்து வரி. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எதுவும் நினைவுக்கு வராது. அந்தத் தாளை நீட்டினால் போதும். ஆனால் நீங்கள் கூட்டிப்போகிறவர் அதைப் படித்துப் பார்த்து சரி சொன்ன பிறகே மருத்துவரிடம் கொடுங்கள்.

செலவைப் பற்றி வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள்: முதல் சந்திப்புக்கு எவ்வளவு, அடுத்தடுத்த சந்திப்புக்கு எவ்வளவு, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும், மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைக்குமா, காப்பீட்டில் அடங்குமா. பாதியில் சிகிச்சையை நிறுத்துகிறவர்களில் பலர் பணத்தால்தான் நிறுத்துகிறார்கள், ஆனால் அதைச் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்குத் தாங்குமா என்று கணக்குப் போட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மன அழுத்த மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்களாகும். முதல் வாரத்திலேயே ‘இது எனக்கு ஒத்துவரல’ என்று நிறுத்தக் கூடாது. 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும் என்பதால், அந்த நாட்களில் தினமும் பார்த்து, மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஒரு மாத மாத்திரையை மொத்தமாக அவரிடம் கொடுக்காமல், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கித் தருவதும் நல்ல ஏற்பாடு.

8. அதற்கப்புறமும் விசாரிப்பது

எல்லோரும் களைத்து விலகுவது இந்தக் கட்டத்தில்தான். ஆபத்து கூடும் காலமும் இதுவே. மனநலச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும், அடுத்த மூன்று மாதமும்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. வீடு வந்த 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை பேசுங்கள். முதல் வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மூன்று மாதத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை என்று போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். பாசத்துக்கு எதற்கு நினைவூட்டல் என்று தோன்றலாம். வேலை நெருக்கடியில் நாள் ஓடிவிடும், வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் நோயைப் பற்றியே பேச வேண்டாம். சும்மா ஒரு படம், ஒரு செய்தி, கீழே ‘பதில் போடணும்னு இல்ல’ என்று ஒரு வரி. சான்பிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து போனபின் மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்றிருந்த 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் இடைவெளிவிட்டுச் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பினார். எதையும் கேட்காத, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்கிற அளவிலான கடிதங்கள். கடிதம் பெற்றவர்களிடையே, முக்கியமாக முதல் இரண்டு ஆண்டுகளில், தற்கொலை குறைவாக இருந்தது. நான்கு வரிக் கடிதத்துக்கே அவ்வளவு பலம் என்றால் நீங்கள் அனுப்பும் செய்தியும் வீண் போகாது.

பேச முடியாத நாளுக்கு ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கட்டைவிரல் குறியை வைத்திருந்தோம்: இரவு பத்துக்குள் அது வந்தால் இன்று பரவாயில்லை என்று பொருள், வராவிட்டால் நான் கூப்பிடுவேன், எடுக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நண்பர் நேரில் போவார். மூவருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஏற்பாடு என்பதால் அதில் சங்கடம் இருக்கவில்லை.

நினைவு நாள், பிரிந்த நாள், தேர்வு முடிவு, வழக்கு விசாரணை, கடன் தவணை போன்ற தேதிகளைத் தனியாகக் குறித்துவைத்து, அன்றைக்கும் அதற்கு முந்தைய நாளும் பேசுங்கள்.

9. உங்கள் பக்கம்

தனி ஒருவராக இதைச் சுமக்காதீர்கள். அவர் சம்மதத்தோடு குறைந்தது இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து முறை வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த இரவு போனை ஒலியோடு வைத்திருப்பது என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டால் மற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். உங்களுக்கே தூக்கம் கெட்டு, போன் அடித்தாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால், மேலே சொன்ன உதவி எண்கள் உங்களுக்கும்தான்.

எல்லாம் செய்தும் ஒருவரை இழக்க நேரலாம். அப்படி இழந்தவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், காரணம் கேட்காதீர்கள், ‘முன்னாடியே கவனிச்சிருக்கலாமே’ என்று சொல்லாதீர்கள். அவர்களும் ஆபத்தில் இருப்பவர்கள்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, மூன்றாவது வாரத்தில் போய் உட்காருங்கள். அவர்களிடமும் 4-ஆவது பகுதியில் உள்ள கேள்வியைக் கேளுங்கள்.